கையெழுத்தில்லாமல்

எங்கள் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்கும் மசோதாவில்
கையெழுத்து விழவில்லை.
மறுப்பும் விழவில்லை.
மணிலாவில் ஏதோ ஒரு மேசைமேல்
முப்பது நாள் கிடந்தது.
முப்பத்தோராம் நாள்
பால் உறைகிற மாதிரி
தானாகவே சட்டமாகிவிட்டது.

பதிவாளர் அலுவலகத்தில் அன்று நான் மட்டும்.
தென்மேற்கு மழை. மின்சாரம் இல்லை.
செய்தி கொண்டுவந்தவள் லியோனிலா,
மீன்பதனம் முதலாமாண்டு.
படகுத்துறைக் கடையில் கடன் சொல்லி
போனுக்குக் காசு ஏற்றும்போது கேட்டாளாம்.
"இனிமேல் கட்டணம் ஏறுமா?"
எட்டு வருடக் கோப்புகளில்
யாரும் கேட்டிராத கேள்வி.

கேட்டவை வேறு.
முனைவர்கள் எத்தனை பேர்?
நிலப்பட்டா யார் பெயரில்?
ஒரு கழிப்பறைக்கு எத்தனை மாணவர்?
ஆய்வுக்குழு வந்த நாளில்
பக்கத்துப் பள்ளியின் நுண்ணோக்கிகள் ஆறு
மூன்று சக்கர வண்டியில் வந்து
எங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்தன.
எண்ணிக்கைப் பத்தியில் பதினொன்று என்று எழுதியது
இந்தக் கைதான்.
திருப்பி அனுப்பியபோது ஒன்றின் கண்ணாடி உடைந்திருந்தது.
அந்தத் தொகையை இன்னும்
என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்,
'இதர' என்ற தலைப்பில்.

செனட் விசாரணைக்கு முதல்வர் ஃபௌஸ்தினோ அபெயான்
இரவுக் கப்பலில் போனார்.
பெஞ்சில் ஒன்பது மணி நேரம்.
எங்கள் முறை வந்தபோது நான்கு நிமிடம்.
"உங்கள் தீவு எங்கே இருக்கிறது?"
உள்ளங்கையை வரைபடமாக விரித்து
சுண்டுவிரலுக்குக் கீழே காட்டினாராம்.
திரும்பி வந்து எங்களுக்கும் அப்படியே காட்டினார்.
சிரித்தோம்.
பிறகு மேசைக்கடியில்
அவரவர் கையை ஒருமுறை
விரித்துப் பார்த்துக்கொண்டோம்.

சட்டத்தில் பதினெட்டுப் பிரிவுகள்.
பதினேழாவது: புதிய பணம் கிடையாது,
கல்லூரிக்கு இருந்த ஒதுக்கீடே தொடரும்.
பதினெட்டாவது: தகுதிகள் நிறைந்தனவென்று
ஆணையம் சான்று தரும்வரை
இது பல்கலைக்கழகம் ஆகாது.
ஆக, ஆகிவிட்டோம்;
ஆனால் ஆகவில்லை.
கடிதத்தாளில் எந்தப் பெயரை அச்சடிப்பது என்று
ஏழு வாரம் கூட்டம் நடந்தது.

போன மார்ச்சில் படித்து முடித்தவர்கள்
மூன்று பேர் வந்தார்கள்,
பட்டச் சான்றிதழைப் பாலிதீன் உறையோடு நீட்டி
புதிய பெயரில் மாற்றித் தரச் சொல்லி.
ஒருவனுக்கு ஜித்தாவில் வேலை பாதி உறுதி.
"ஏஜென்சியில் கல்லூரி என்றால் சமையல் உதவியாளர்,
பல்கலைக்கழகம் என்றால் மேற்பார்வையாளர், மேடம்."
முடியாது என்றேன்.
பாடங்கள் அதேதானே என்றான்.
அதேதான் என்றேன்.

வாயில் வளைவு மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.
வெல்டர் ஒனேசிமோ ஏணியோடு வந்தான்.
ஏழு எழுத்து இருந்த இடத்தில்
பத்து எழுத்து நிற்கவேண்டும்.
நெருக்கிப் பார்த்தான். ஒல்லியாக வெட்டிப் பார்த்தான்.
கடைசியில் எங்கள் தீவின் பெயரைச் சுருக்கினான்.
பழையதில் எது உதவும் என்று கேட்டேன்.
சீ, ஓ, இரண்டு எல், ஜீ எல்லாம் இரும்புக் கடைக்கு;
இரண்டு ஈயில்
ஒன்று போதும் என்றான்.

லியோனிலாவுக்கு என்னிடம் பதில் இல்லை.
ஏறும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.
ஏறாது என்றும் சொல்லவில்லை.
யாரும் வாய்திறக்காமல் பிறந்த சட்டம்
வேறெப்படிப் பேசும்?
அடுத்த பருவத்துக் கட்டணச் சீட்டில்
அவள் பெயரை எழுதினேன்.
தொகைக் கட்டத்தை
பென்சிலாலும் தொடவில்லை.

மீந்த ஈ
காவலர் அறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது,
துருப்பிடித்து,
சாலையில் போகிறவர்கள் பக்கம்
மூன்று விரல் நீட்டி.
மேல்விரலில் காவலர்
தன் மழைத்தொப்பியை மாட்டுகிறார்.